கல்லெழுத்தும் கணிப்பொறியும்

எங்கள் பெருமுக்கல் மலைக் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கற்றோர் இன்றும் படிக்கின்றனர். கணிப்பொறியில் ஏறிய தமிழோ இருபதே ஆண்டுகளில் படிக்க இயலாமற் போவதுண்டு.

1946-இல் உலகறிந்த எனியாக் 30 டன் எடையுள்ளது. அதனினும் ஆற்றல் மிக்க கருவி இன்று நம் சட்டைப்பையில்! ஆயினும் எழுத்தின் கதையே எனக்குப் பெரிது. கணிப்பொறிக்கு எழுத்தும் ஓர் எண்ணே. ஆளுக்கோர் எண்முறையில் எழுத்துரு செய்ததால், ஒருவர் தட்டச்சிட்டது மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்தது. 1991-இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. அதில் 'அ' எங்கும் 2949. தமிழக அரசு 2010-இல் அதனை ஏற்றது.

அதற்கு முற்பட்ட கோப்புகள்? என் அண்ணனின் ஆய்வேடு பழைய எழுத்துருவில் குறுந்தகட்டில் கிடந்தது. ஒருங்குறியாக்க இரு வாரங்களாயின. நம் துறைகளிலும் அத்தகைய குறுந்தகடுகள் இருப்பின், ஆசிரியப் பெருமக்கள் தந்தால் மாற்றித்தர மாணவர் சிலர் ஆயத்தமாயிருக்கிறோம்.