வராதவர் கட்டும் காசு

ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்து மார்ச்சில் மறந்துபோகிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் அந்த ஜிம்முக்குப் படியளப்பவர் நீங்கள்தான். கேரளத்துக் களமசேரியானாலும் அமெரிக்கச் சிகாகோவானாலும் கணக்கு ஒன்றே. இடத்து வாடகை, டிரெட்மில் தவணை, பயிற்சியாளர் சம்பளம் எதுவும் ஆள் வராததால் குறையாது; வந்தால்தான் இயந்திரம் தேயும்.

டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் இருவர் மூன்று அமெரிக்க ஜிம்களின் வருகைப் பதிவைப் புரட்டி 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் எட்டிப் பார்த்திருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்தே டாலரில் முடிந்திருக்கும்!

லாபம் பார்க்காத அமைப்புக்கு, வராதவர் காசில் பிழைக்கும் இந்த வழி அடைபட்டது. ஆள் வர வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. அப்புறம் எப்படித்தான் பிழைப்பது?

களமசேரியிலிருந்து வடக்கே ரயிலேறினால் வடகரை. அங்கே 1949-இல் ராகவன் குருக்கள் தொடங்கிய, களரிப்பயிற்று என்ற போர்க்கலை கற்பிக்கும் கடத்தநாடன் களரி சங்கத்தில் கட்டணமே கிடையாது. முடிந்ததைக் குருதட்சணையாக வைக்கலாம். அவருக்குப் பின் சொல்லிக்கொடுத்து வரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாவுக்கு 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

களரியின் அமைப்பிலேயே சிக்கனம் இருக்கிறது. மரபான பயிற்சிக்களமான குழிக்களரி 42 அடி நீளம், 21 அடி அகலம். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய வெறும் மண். மின்சாரம் கேட்கும் இயந்திரமோ அறுந்துபோகும் பெல்ட்டோ இல்லை. ஒரு கம்பு வருஷக்கணக்கில் வரும். வரவுக்கும் பக்கத்திலேயே வழி உண்டு. சுளுக்கையும் முறிவையும் பார்ப்பது குருக்கள் எனப்படும் களரி ஆசானின் வித்தையில் பாதி. மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் பூசிய முதுகைக் காலால் நீவுவார்கள். பல களரிகளில் பயிற்சிக்கூடத்தைத் தாங்குவது இந்தச் சிகிச்சை அறைதான்.

ஆனால் நோட்டில் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது, ஆசானின் கூலி. அதை ஒரு வரி எழுதிப் பாருங்கள், அன்றைக்கே கணக்கு கவிழும். சிறு சங்கம் எதைப் பார்த்தாலும் நான் கையிருப்பைக் கேட்பதில்லை. ஆசான் காய்ச்சலில் படுத்தால், நாளைக் காலை வாய்த்தாரி, அதாவது பயிற்சிக்கான வாய்மொழிக் கட்டளை, சொல்ல யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன்.