கருகிய தகட்டுக்கு 15 கோடி

2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஆர்எம் சதபீஸ் நடத்திய ஏலத்தில், 1954ஆம் ஆண்டு ஃபெராரி 500 மோன்டியால் ஒன்று 18.75 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 15 கோடி ரூபாய்க்கும் மேல். அதைக் கார் என்று சொல்லவே வாய் வராது. 1960களில் விபத்தில் சிக்கித் தீப்பிடித்தது. சக்கரம் இல்லை, இருக்கை இல்லை, துருவேறிய சட்டத்தின்மேல் நசுங்கிக் கருகிய அலுமினியத் தகடு மட்டும் கிடந்தது. பணக்காரர்களின் கிறுக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அங்கே விலைபோனது தகடு அல்ல. சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் தொழிற்சாலைப் பதிவேடு, முதல் உரிமையாளர், ஓடிய பந்தயங்கள் என்று ஒரு வரலாறே பின்னால் வரும். புதிய தகட்டை இன்றும் கையால் தட்டி வளைத்துவிடலாம். 1954இல் பிறந்த இன்னொரு மோன்டியாலை யாராலும் உண்டாக்க முடியாது.

அரிதான பொருள், அருமையான எந்திரம், அதனால்தான் விலை என்பார்கள். பாதி உண்மைதான். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே தயாரான ஃபெராரி 250 ஜிடிஓவில் ஒன்று, 2018இல் இதே மான்டரேயில் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே காலத்தில் 950க்கு மேல் விற்ற 250 ஜிடிஇ என்ற நான்கு இருக்கைக் காரிலும் இருந்தது அடிப்படையில் அதே என்ஜின்தான்: பொறியாளர் கொலொம்போ வடிவமைத்த, 12 சிலிண்டர் கொண்ட 3 லிட்டர் என்ஜின். அந்த ஜிடிஇக்களில் பலவற்றை (பாவம், அவையும் அழகான கார்கள்தான்) அறுத்து ஜிடிஓ நகல்களாக்கினார்கள். வளைவும் உறுமலும் அசலை நெருங்கின. விலை மட்டும் கிட்டேகூட வரவில்லை. எந்திரத்துக்குத்தான் விலை என்றால் இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்திருக்காது.

இதெல்லாம் வெறும் குமிழி, ஒருநாள் வெடிக்கும் என்பது அடுத்த வாதம். 1988இல் நிறுவனர் என்சோ ஃபெராரி இறந்த பிறகு விலைகள் தலைதெறிக்க ஏறி, 1990களின் தொடக்கத்தில் சரிந்தது உண்மை. அது சந்தையில் புரளும் பணத்தின் ஏற்ற இறக்கம். அசலுக்கும் நகலுக்கும் உள்ள தூரத்தை அது விளக்காது. ஒரு காரில் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிய பிறகு அது பழைய கார்தானா என்ற கேள்விதான் கனமானது. சந்தை அதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வதில்லை. எது அசல், எது பின்னால் வந்தது என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்து விலை வைக்கிறது. கருகிய அந்த மோன்டியாலோடு விற்ற கியர்பாக்ஸ் அதனுடையதே. என்ஜின் அதே காலத்து வேறொரு ஃபெராரி என்ஜின்.