சிப்பி பட்டனா, ரெசின் பட்டனா?

பனியன் கம்பெனிகளுக்குக் காலர் வைத்த டி-ஷர்ட்டில் பட்டன் தைத்துக் கொடுப்பவள் நான். முத்துப்போல் மின்னும் பட்டனைப் பலரும் சிப்பி என்றே நினைக்கிறாங்க. பெரும்பாலும் அது பாலியஸ்டர் ரெசின்.

பாகு மாதிரி இருக்கும் ரெசினில் இறுக வைக்கும் மருந்தும் முத்துப் பொடியும் கலந்து, சுழலும் டிரம்முக்குள் ஊற்றுவார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பொடியை மீன் செதிலிலிருந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் அப்ரகத் துகள்மேல் டைட்டானியம் ஆக்சைடு பூசியதுதான். டிரம் சுற்றச் சுற்றத் துகள்கள் படுத்த வாக்கில் படியும். அதனால்தான் அந்த மினுமினுப்பு. பழுப்பு ரெசினை இன்னொரு படலமாக ஊற்றிவிட்டால் பின்பக்கமும் அசல் சிப்பியின் முதுகேதான்! முழுசாக இறுகுவதற்குள் தோசை மாதிரி உரித்து, வட்டம் வட்டமாக வெட்டிவிடுவார்கள். கறுப்பும் பழுப்பும் அரைகுறையாகக் கலந்தால் மாட்டுக்கொம்பு.

ரெசின் ஒன்றும் மட்டமில்லை. துவைக்கத் துவைக்கச் சிப்பிதான் சீக்கிரம் விளிம்பு உடையும். ஆனால் ஒரு கடையில் என் நாத்தனாரிடம் இதையே சிப்பி என்று சொல்லி இரண்டு பங்கு விலை வாங்கிவிட்டார்கள். அதுதான் ஆத்திரம்! வாங்கும்போது பட்டனைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சகோதரிகளே. சிப்பி சில்லென்று இருக்கும், கையிலும் கனக்கும். ரெசினில் அந்தச் சில்லிப்பு இருக்காது. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

– ஒரு வாசகி, குன்னத்தூர்