கைப்பேசித் திடல் – 9: தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே

சுங்கைப் பட்டாணியில் சைபர் கஃபேக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே தோற்றவனுக்கு ஒரு நன்மை இருந்தது. கையில் இருந்த காசு தீர்ந்ததும் எழுந்துதான் ஆக வேண்டும். வெளியே வந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு போய்ச் சேர்வதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். கைப்பேசியில் அதற்கு வழியில்லை. தோற்ற சூடு ஆறுமுன் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் விரலடியில் வந்து நிற்கிறது.

தோட்டத்துப் பந்தாட்டத்தை நினைத்துப் பாருங்கள். பீடோங், பாடாங் செராய் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். லாரி ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போய், நாலு கோல் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மறுநாள் இருட்டோடு பெரட்டில் போய் நின்றால், மண்டோர் முதற்கொண்டு கிண்டல். அந்தக் காலத்து ஆட்களுக்கு மனப்பக்குவம் அதிகம் என்று சிலர் உருகுவதை நான் நம்புவதில்லை. திடலில் மண்டை உடைந்த கதைகளும் அதே வாயிலிருந்துதான் வருகின்றன. கோபம் ஆற அவர்களுக்கு அடுத்த ஞாயிறு வரை நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது கெடாவின் தாமான்களில் மாமாக் கடை மேசைகளைப் பார்த்தால், ஐந்து பேர் தலை குனிந்து ஆடுவது பெரும்பாலும் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’தான். 2016இல் வந்த ஆட்டம். இந்தப் பக்கம் ஐவர், அந்தப் பக்கம் ஐவர். ரேங்க் ஆட்டத்தில் வென்றால் ஒரு நட்சத்திரம் ஏறும், தோற்றால் ஒன்று இறங்கும். கூலிமில் ஒரு மேசையில் படிவம் நான்கு படிக்கும் பையன் ஒருவன் ‘எபிக்’ படியிலிருந்து சறுக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மைலோ ஐஸ் கரைந்து தண்ணியாகிவிட்டது. அவன் தொடவே இல்லை. “நான் நல்லாத்தான் ஆடுனேன்ணே, டீம்தான் சரியில்ல” என்றான். சொல்லிக்கொண்டே கட்டைவிரல் அடுத்த ஆட்டத்தைத் தட்டிவிட்டது. அதிலும் தோல்வி. இந்த முறை திட்டு வாங்கியவன் எதிரே உட்கார்ந்திருந்த நண்பன்.

ஏறுவதும் ஒன்று, இறங்குவதும் ஒன்று என்றால் கணக்கு சரிதானே? மனம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒன்றைப் பெறும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழக்கும் வலி பெரிது என்று டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். போன நட்சத்திரத்தை உடனே பிடித்துவிட வேண்டும் என்ற வெறியில் ஆடும்போதுதான் அடுத்ததும் போகிறது. போதாததற்கு, நம் திறமைக்கு ஈடான ஆட்களைத் தேடித்தான் ஆட்டம் நம்மோடு கோக்கிறது. ஏறக்குறையப் பாதி ஆட்டம் தோற்பது, விளையாட்டு ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். பையன்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

தோல்வி என்றால் என்னவென்று அவர்கள் மலேசியாவின் ஆரஞ்சு அணியைக் கேட்க வேண்டும். 2013 ஆகஸ்டு, சியாட்டல், ‘டோட்டா 2’ உலகப் போட்டி. இறுதிச் சுற்றுக்கு ஒரே படி பாக்கி. எதிரே உக்ரைனின் நாவி அணி. ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்றாயிற்று. மூன்றாவதில், செத்தவனுக்கு மறு உயிர் தரும் ஏஜிஸ் கேடயம் தரையில் கிடக்கிறது. எடுக்கப் போன ஆரஞ்சு வீரர், பதற்றத்தில் அதைத் தாமே அடித்து நொறுக்கிவிட்டார். ஆட்டமும் போயிற்று. உலகமே பார்த்த பிழை. இன்றைக்கும் அந்தக் காணொளியைப் போட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆரஞ்சு மூன்றாம் இடத்தோடு திரும்பியது. ஆனால் அந்த அணியின் மூஷியும் ஒஹாயோவும் கைப்பெட்டியை மூடிவிட்டுப் போய்விடவில்லை. 2016இல் ஃபனாட்டிக் அணிக்காக அதே போட்டியில் ஆடி நான்காம் இடம் பிடித்தார்கள்.

அவர்களைப் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். நம் பையன்களின் கைப்பேசியிலும் அந்த வசதி இருக்கிறது, தொடுவார் இல்லை. பார்த்தால் சங்கடமான ஒன்று தெரியும்: டீம் சரியில்லாத ஆட்டத்திலும் நாம் தனியாகப் போய்ச் செத்த இடங்கள் நாலைந்தாவது இருக்கும். இரண்டு தோல்வி தொடர்ந்து வந்தால் அன்றைக்கு ரேங்கை மூடிவிட்டு, நட்சத்திரம் போகாத ‘கிளாசிக்’ ஆட்டத்துக்குப் போவதும் நல்லது. இதைப் பையன்களே தங்களுக்குள் சட்டமாகப் போட்டுக்கொண்ட கூட்டங்களும் உண்டு. சட்டத்தை மீறுகிறவன் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கித் தர வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நடு ஆட்டத்தில் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். இடையில் நிறுத்திவைக்க முடியாத ஆட்டம் இது. ஒருவன் விலகினால் மற்ற நால்வருக்கும் அடி, அவனுடைய நன்மதிப்புப் புள்ளியும் குறையும். அது மிகக் குறைந்தால் ரேங்க் ஆடவே விடமாட்டார்கள். அந்த ஆட்டம் முடியும்வரை பொறுங்கள், கால் மணி நேரம் போலத்தான் ஆகும். முடிந்ததும், அவன் அடுத்ததைத் தட்டுவதற்குள் கடைக்கு அனுப்புங்கள். வீட்டில் கருவேப்பிலை இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த வாரம்: பெண் பிள்ளைகள் குரல் கொடுத்து ஆட வந்தால் எதிரணி என்ன பேசுகிறது?

(தொடரும்)