பாடித் தொழிலாளியும் பெங்களூர் விஸ்கியும்

கொல்லன் தெருவில் ஊசி விற்கத் துணிந்த கதை ஒன்று உண்டு தோழர்களே! பெங்களூரில் அம்ருத் என்றொரு மது ஆலை, 1948-ல் தொடங்கியது. அங்கே வடித்த 'சிங்கிள் மால்ட்' விஸ்கியை 2004 ஆகஸ்டு 24-ல் முதன்முதலாக விற்பனைக்கு வைத்தார்கள். எங்கே? பெங்களூரிலா? இல்லை; விஸ்கிக்கே தாய்வீடான ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்! வெள்ளைக்காரர் முதலில் நகைத்திருக்கலாம். 2010-ல் அவர்களுடைய விமர்சகர் ஜிம் மர்ரே, அம்ருத் ஃப்யூஷனுக்கு 100-க்கு 97 மதிப்பெண் தந்து, உலகில் மூன்றாவது என்றார்.

மதுவுக்குப் புகழ்மாலை சூட்ட நாம் இதை எழுதவில்லை. குடி குடியைக் கெடுக்கும் என்பதே நம் கொள்கை. பாடித் தொழிலாளியிடம் ஒரு கேள்வி கேட்கவே எழுதுகிறோம்.

சிங்கிள் மால்ட் எப்படிப் பிறக்கிறது? பஞ்சாப், ராஜஸ்தான் வயல்களில் விளையும் பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கரைக்கிறார்கள். இனிப்புச் சாறு இறங்குகிறது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, செப்புக் கொப்பரையில் இருமுறை காய்ச்சி வடிக்கிறார்கள். வடித்தது தண்ணீர் போல் நிறமற்றது. அதை ஓக் மரப் பீப்பாயில் அடைத்துக் காத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு பீப்பாயில் கிடந்தாக வேண்டும். அங்கே குளிர்; ஆண்டுக்கு 100-க்கு ஏறத்தாழ 2 பங்கு ஆவியாகிப் போகும். அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். பெங்களூரிலோ 10 பங்குக்கு மேல் போகிறது. நம் நாட்டுத் தேவதைகளுக்குத் தாகம் அதிகம் போலும்! ஆனால் அதே வெப்பம் சரக்கை விரைவில் பக்குவப்படுத்தியும் விடுகிறது.

தானியம், பொறுமை, தொழிலாளியின் கைத்திறன் மூன்றும் சேர்ந்த அந்தப் பாட்டிலின் விலை ஆயிரக்கணக்கில். அது சீமான் வீட்டு அலமாரிக்குப் போகிறது. நம் தொழிலாளிக்குக் கிடைப்பது எது?

'விஸ்கி' என்ற பெயரில் இந்நாட்டில் மலிவாக விற்பனையாகும் சரக்கில் பெரும்பகுதிக்கு மூலம், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு. அதை வடித்து, நீர் கலந்து, நிறமும் மணமும் கூட்டி, லேபிள் ஒட்டுகிறார்கள். தானியத்தில் வடித்து 3 ஆண்டு மரப்பீப்பாயில் வைக்காத எதையும் விஸ்கி என்று அழைக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இடம் தராது. அங்கே விஸ்கி என்று சொல்ல முடியாதது, இங்கே விஸ்கியாம்!

1960-களின் தொடக்கம் முதல் பாடி, தொழிலாளியின் ஊர். வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆலைகளில் வண்டிக்குச் சக்கரமும் ஸ்டார்ட்டரும் பிரேக்கும் செய்யும் கைகள் இவை. மயிரிழை அளவு பிசகினாலும் 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போடும் கண்கள் இவை. இரும்பை இப்படிச் சோதிக்கிறவன், தன் குடலுக்குள் போகும் குவார்ட்டரில் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டானா? இதுதான் நம் கேள்வி.

சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். 2023-24-ல் மதுவால் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அத்தனையும் பெரும்பாலும் கூலிக்காரன் மடியிலிருந்து அவிழ்த்த காசு. பிள்ளையின் புத்தகத்துக்கும் மனைவியின் மருந்துக்கும் போக வேண்டிய காசு.

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்" என்பர் சிலர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அப்போது கடைகள் மூடியா கிடந்தன?

ஆகவே நாம் கேட்பவை இவை: பாட்டிலில் இருப்பது தானியமா, கழிவுப்பாகா என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். ஆலை வாசல்களை ஒட்டிக் கடை கூடாது. படிப்படியாகக் கடைகளைக் குறைக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பாடித் தோழர்களே, அடுத்த சம்பள நாளன்று சங்கக் கொடிமரத்தடியில் ஒரு தட்டி வையுங்கள். ஒரு குவார்ட்டரின் விலை எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பக்கத்திலேயே பள்ளிக் கட்டணத்தையும் எழுதுங்கள். கணக்கைத் தொழிலாளியே போட்டுக்கொள்வான்!