எண்ணெய் டாங்க் ஒழுகினால் யார் பொறுப்பு?

மகளோ மருமகளோ அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குடித்தனம் நடத்துகிறாளா? அடுத்த தடவை போனில் பேசும்போது, "குழந்தைக்கு ஜுரம் விட்டுதா?" என்று விசாரித்த கையோடு, "உங்க வீட்டு எண்ணெய் டாங்க் எப்படி இருக்கு?" என்றும் கேட்டு வையுங்கள். சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் இருக்கும் மாஸசூஸெட்ஸில் பழைய வீடுகள் பலவற்றில் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்குவது எண்ணெய்தான். டீஸலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்; சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்டில் 275 காலன், அதாவது ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கிற இரும்பு டாங்க் நிற்கும். லாரிக்காரர் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் ஹோஸை மாட்டி நிரப்புவார். நிரம்புகிற வரை ஒரு விசில் ஊதிக்கொண்டே இருக்கும். விசில் நின்றால் டாங்க் நிறைந்தது என்று அர்த்தம். நம் குக்கருக்கு நேர் எதிர்!

டாங்கின் உள்ளே ஈரம் வியர்த்து, கசடோடு அடியில் தங்கிவிடுகிறது. துரு உள்ளேயிருந்துதான் அரித்து வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். டாங்கிலிருந்து பர்னருக்குப் போகும் செப்புக் குழாய் இன்னும் மோசம். பழைய வீடுகளில் அதை சிமென்டுத் தரைக்கு அடியில் புதைத்திருப்பார்கள். அது ஓட்டையானால் கண்ணுக்கே தெரியாது. எண்ணெய்ச் செலவு கூடுகிறதே என்று நாம் குளிரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எங்கள் தெருவில் ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இப்படித்தான் ஆயிற்று. "அக்கா, வீட்டுல கெரசின் நாத்தம் மாதிரி வருது. குழந்தைக்குப் பால் கொடுக்க உக்காந்தா தலைவலி, குமட்டல்" என்றாள். போய்ப் பார்த்தேன். பேஸ்மென்டில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், தரை விரிசலில் சிவப்பாக ஈரம். அன்று இரவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

எண்ணெய்க் கம்பெனி, "ஊத்தறது மட்டும்தான் எங்க வேலை" என்றது. வீட்டை விற்றவர், "நான் இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, "எண்ணெய்க் கசிவு உங்க பாலிசியிலேயே இல்லையே" என்று கையை விரித்தது.

இங்கே 21-இ என்று ஒரு சட்டம் இருக்கிறது. தவறு யாருடையதாக இருந்தாலும், எண்ணெய் கொட்டிய மனையின் இன்றைய சொந்தக்காரர் துப்புரவுக்குப் பொறுப்பு. பக்கத்து மனைக்கும் கிணற்றுக்கும் ஊறிப் போனால் அதுவும் அவர் தலையில்தான். தப்புச் செய்தவர் வேறு ஒருவர் என்றால் பிறகு வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது. 10 காலனோ அதற்கு மேலோ கொட்டியது தெரிந்தால், 2 மணி நேரத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் இலாகாவுக்குச் சொல்லியாக வேண்டும். தரையை உடைத்து மண்ணை அள்ளிக் கொண்டுபோகும் செலவு ஆயிரக்கணக்கான டாலர். நிலத்தடி நீரில் கலந்துவிட்டால் லட்சத்தைத் தாண்டும். அந்தத் தம்பதிக்குச் சேமிப்பு மொத்தமும் போயிற்று. குழந்தை தவழ ஆரம்பித்தது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: 2010 ஜூலையில் அமலுக்கு வந்த ஒரு சட்டப்படி, கசிவுக்கான பாதுகாப்பை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தர முன்வந்தே ஆக வேண்டும். சொந்த மனையின் துப்புரவுக்கு 50,000 டாலர். அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு 2 லட்சம் டாலர். ஆனால் அது தானாகப் பாலிசியில் சேராது. நாம் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். வீடு வாங்குகிற அவசரத்தில் திரைச்சீலை நிறம் வரைக்கும் யோசிக்கிறோம், இதை யார் கேட்கிறார்கள்? குழாய்க்கு உறையோ, எண்ணெய்ப் பாதுகாப்பு வால்வோ போட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சில நூறு டாலர் வேலை. வீடு பார்க்கப் போகும்போதே இரண்டையும் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

வாடகை வீடானால் டாங்க் வீட்டுக்காரருடையது. வாசனை வந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கூத்தும் உண்டு. காஸுக்கு மாறினவர்கள் டாங்கை மட்டும் எடுத்துவிட்டு, வெளிக் குழாயை அப்படியே விட்டுவைப்பார்கள். லாரிக்காரர் வீடு மாறி வந்து அதில் ஊற்ற, பேஸ்மென்டே குளமான சம்பவங்கள் நடந்திருக்கின்றன. டாங்கோடு குழாயும் போக வேண்டும்.

கசிவு கண்ணில் பட்டால் குழந்தைகளை உடனே வெளியே அனுப்புங்கள். நெருப்புக் குச்சி கூடாது. டாங்கின் வால்வை மூட முடிந்தால் மூடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், சோப்பும் போடாதீர்கள், பரவத்தான் செய்யும். பேஸ்மென்டில் ஊற்றுத் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் இருந்தால், முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் முழுவதையும் அதுவே தோட்டத்துக்கு இறைத்துவிடும்.