எரிபொருளில் தண்ணீர் கலந்தால்...

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டர் இன்ஜின் நடுவானில் அணைந்துபோக, டேங்குக்குள் இறங்கிய தண்ணீரே போதும். துரு, தூசு, பூஞ்சை என எரிபொருளைக் கெடுப்பவை பல இருந்தாலும், முதல் எதிரி தண்ணீர்தான்.

டர்பைன் ஹெலிகாப்டர்களுக்கு ஊற்றும் ஏடிஎஃப், நன்கு சுத்திகரித்த ஒருவகை மண்ணெண்ணெய். தண்ணீர் அதைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கும். இன்ஜினுக்கு எரிபொருள் போவதும் டேங்கின் அடிப்பகுதியிலிருந்துதான். தண்ணீர் அளவுக்கு மீறிப் போனால் இன்ஜினுக்குள் எரியும் சுடர் அணைந்துவிடும். கடுங்குளிரில் அதுவே உறைந்து ஃபில்டரை அடைக்கும். தேங்கிய தண்ணீரும் எரிபொருளும் தொடும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து கொழகொழவென்று படியும். அலுமினிய டேங்கையும் அரிக்கும்.

ஹெலிகாப்டருக்கு இந்த ஆபத்து கூடுதல். காடு, மலை, தீவு என்று போகும் இடங்களில் டிரம்மில் சேமித்த எரிபொருளைத்தான் நம்ப வேண்டியிருக்கும். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் தலையில் மழைநீர் தேங்கும். இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கும்போது, மூடியின் இடுக்கு வழியே அந்த நீர் உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் டிரம்மைப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். எடுக்கும்போது நிமிர்த்தி, தண்ணீர் அடியில் படிய நேரம் விட்டு, அடி எரிபொருளைத் தொடாமல் மேலுள்ளதை மட்டும் பம்ப் செய்ய வேண்டும்.

அடுத்து, சோதனை. டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து, கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். நுண்துளிகளாகக் கலந்திருந்தால் எரிபொருள் மங்கலாகத் தெரியும். இதில் ஏமாறவும் வழியுண்டு. குடுவையில் விழுந்தது முழுக்கத் தண்ணீராக இருந்தால் அதுவும் பளிச்சென்றே இருக்கும்! ஆகவே முகர்ந்து பார்ப்பதும், தண்ணீர் பட்டால் மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் சோதனை வில்லையைப் பயன்படுத்துவதும் வழக்கம்.

ஃபில்டர் தடுத்துவிடாதா? 2010 ஏப்ரல் 13 அன்று நடந்ததைப் பாருங்கள். இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கேத்தே பசிபிக் ஏர்பஸ் ஏ330 விமானத்தில் இரண்டு இன்ஜின்களுமே சொன்னபடி கேட்கவில்லை. விமான நிலைய எரிபொருள் குழாயில் உப்புநீர் கலந்திருந்தது. தண்ணீரை உறிஞ்சுவதற்காக ஃபில்டரில் வைத்திருந்த பொருளே நுண் உருண்டைகளாகப் பிரிந்து, எரிபொருளோடு போய், அதன் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வுகளை இறுகச் செய்துவிட்டது. வேகத்தைக் குறைக்க முடியாமல், மணிக்குச் சுமார் 425 கிலோமீட்டரில் விமானத்தைத் தரையிறக்கினார்கள். உயிரிழப்பு இல்லை.

ஹெலிகாப்டரில் இன்ஜின் நின்றால் பைலட் உடனே ரோட்டர் இறக்கைகளின் கோணத்தைக் குறைப்பார். கீழிருந்து வரும் காற்று ரோட்டரைச் சுழற்ற, கட்டுப்பாட்டோடு இறங்கலாம். ஆனால் அதற்குப் போதிய உயரமோ வேகமோ வேண்டும். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும்போது இரண்டும் கிடைப்பதில்லை. இரட்டை இன்ஜின் என்ற தைரியமும் இங்கே செல்லாது: இரண்டுக்கும் போவது ஒரே எரிபொருள். அதனால் ஒவ்வொரு நாளும் முதல் பயணத்துக்கு முன்பும், எரிபொருள் நிரப்பித் தண்ணீர் படிய நேரம் கொடுத்த பின்பும், அந்தக் குடுவைச் சோதனையைத் தவறவிடவே கூடாது.